நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால் குசலம் விசாரிப்பதே வேறு மாதிரி இருக்கும். 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' என்பதெல்லாம் அப்புறம்தான். 'உங்க ஏரிக்கு வந்தாச்சா?', 'எத்தனை இருக்கும்?', 'நேத்து சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு பார்த்தேன்...' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் செப்டம்பர், அக்டோபரில் இந்தப் பேச்சு சூடு பிடிக்கும். வடக்கே குளிர் தலைகாட்ட, பறவைகள் இங்கே வந்து இறங்குகிற நேரம் அது.

அதே மாதங்களில் இங்கிலாந்துக்காரர்கள் பேசிக்கொள்வது நேர் எதிர். 'போயாச்சா?', 'கடைசியா எப்போ பார்த்தீங்க?' அங்கே அது இலையுதிர்காலம். கோடையில் வந்த பறவைகள் கிளம்புகிற நேரம்.

இன்றைக்கு இது வெறும் அரட்டை. ஆனால், சுமார் 250 வருடங்களுக்கு முன்னால் அந்த அரட்டைக்குள்ளே மிகப் பழைய கேள்வி ஒன்று ஒளிந்திருந்தது. 'போயாச்சு, சரி... எங்கே போச்சு?'

நிஜமாகவே யாருக்கும் உறுதியாகத் தெரியாது!

முக்கியமாக, தகைவிலான் குருவி விஷயத்தில். பெயர் புதிதாக இருக்கிறதா? பறவையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதுகு கருநீலம், வால் இரண்டாகப் பிளந்திருக்கும். நம் ஊருக்கு வருபவை ஆசியாவின் வடக்குப் பகுதிகளிலிருந்து வருபவை. இதே இனம்தான் கோடையில் இங்கிலாந்தில் மாட்டுக் கொட்டகை, புகைபோக்கி என்று கிடைத்த இடத்தில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, செப்டம்பர் கடைசியில் கும்பல் கும்பலாகக் கூடி, ஒருநாள் காலையில் பார்த்தால்... ஒன்றுகூட இல்லை! மறுபடி ஏப்ரலில் அதே கொட்டகையில் ஆஜர்.

நடுவில் ஆறு மாதம் எங்கே?

கிரேக்க மேதை அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். பல பறவைகள் இடம் பெயர்கின்றன என்பது அவருக்குத் தெரியும். ஆனால், தகைவிலான்களில் சில எங்கேயும் போவதில்லை, இறகெல்லாம் உதிர்ந்து பொந்துகளில் பதுங்கிக்கிடக்கின்றன என்றும் எழுதிவைத்துவிட்டார். எழுதியது அரிஸ்டாட்டில் ஆச்சே... அப்புறம் யார் வாயைத் திறப்பது? சுமார் 2,000 வருடங்களுக்கு அந்தக் கருத்து அசையவில்லை.

1555-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒலாஸ் மேக்னஸ் என்கிற பாதிரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். தகைவிலான்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து ஏரிக்குள் மூழ்கித் தூங்குகின்றன என்றார். சும்மா சொல்லவில்லை; பனிக்கட்டிக்குக் கீழேயிருந்து மீனவர்கள் வலையில் மீனும் குருவியுமாக இழுப்பது போல் படம் வேறு! அடுத்த நூற்றாண்டில் சார்ல்ஸ் மார்ட்டன் என்கிற இங்கிலாந்துக்காரர் யோசித்தார்... பூமியில் எங்கே தேடியும் இல்லையென்றால்? நிலாவுக்குத்தான் போகின்றன! பயண நேரம் 60 நாட்கள் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். சிரிக்காதீர்கள். அவர் படித்த மனிதர். பிற்பாடு அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் பெரிய பொறுப்பு வகித்தவர்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நம் கதாநாயகர் வருகிறார்.

கில்பர்ட் ஒயிட். 1720-ல் பிறந்தவர். தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்கிற சின்ன கிராமம். அங்கே உதவிப் பாதிரியார். ஆக்ஸ்போர்டில் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குதிரை வண்டியில் ஏறினால் வயிற்றைப் புரட்டும், அதனால் நீண்ட பயணம் என்றாலே அலர்ஜி. வீடு, தோட்டம், வீட்டுக்குப் பின்னால் 'ஹேங்கர்' என்று ஊர்க்காரர்கள் அழைக்கும், பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான மலைச்சரிவு... அவ்வளவுதான் அவர் உலகம். 1753-ல் அந்தச் சரிவில் ஏறுவதற்காக கில்பர்ட்டும் அவருடைய தம்பி ஜானும் சேர்ந்து வளைந்து வளைந்து போகிற பாதை ஒன்றை உருவாக்கினார்கள். இன்றைக்கும் அதில் நடக்கலாம். (தம்பி ஜானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.)

சுற்றிலும் பறவை பற்றிப் பேச ஒரு ஆள் கிடையாது. பக்கத்தில் அப்படியொரு ஜோடி இல்லாததால்தான் தன் ஆர்வம் வளரவில்லை என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார். இந்த வேதனை, பறவை பார்ப்பவர்களுக்கு மட்டுமே புரியும். அதிகாலையில் எழுந்து ஓடி ஒரு அபூர்வப் பறவையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னால், 'சரி, பால் வாங்கிட்டு வந்தீங்களா?' என்பார்கள்!

அப்போது லண்டனில் புத்தகக் கடையும் பதிப்பகமும் நடத்திவந்த இன்னொரு தம்பி பெஞ்சமின் மூலமாக இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த தாமஸ் பென்னன்ட், பெரிய விலங்கியல் எழுத்தாளர். இன்னொருவர் டெய்ன்ஸ் பாரிங்டன், வழக்கறிஞர், நீதிபதி. பென்னன்ட்டுக்கு 1767-லும் பாரிங்டனுக்கு 1769-லும் கில்பர்ட் எழுத ஆரம்பித்தார். வருடக்கணக்கில் கடிதம்... கடிதம்... கடிதம்!

வேடிக்கை என்னவென்றால், குருவி விஷயத்தில் இந்த இரண்டு நண்பர்களும் எதிரெதிர்க் கட்சி.

பென்னன்ட், 'பறவைகள் கடல் கடந்து போகின்றன' கட்சி. 1749 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் செனகல் கடற்கரைக்குப் பக்கத்தில் மிஷேல் அதான்சோன் என்கிற பிரெஞ்சு இயற்கையியலாளரின் கப்பலில் நாலு தகைவிலான்கள் வந்து உட்கார்ந்தன. அவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்று அவர் எழுதியிருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும் என்பது இந்தக் கட்சியின் வாதம்.

பாரிங்டன் இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆசாமி தெரியுமா? 1764-ல் லண்டனுக்கு ஒரு குட்டிப் பையன் வந்து, இசையில் வெளுத்துவாங்கிக்கொண்டிருந்தான். ஊரே வாய் பிளந்தது. பாரிங்டன் மட்டும் நேரில் போய் அவனைச் சோதித்தார். அதுவும் போதாமல், 'எட்டு வயசுன்னு சொல்றது உண்மைதானா?' என்று ஆஸ்திரியாவிலிருந்து பிறப்பு அத்தாட்சி வரவழைத்த பிறகுதான் நம்பினார். பையன் பெயர் மோட்சார்ட்! அப்படிப்பட்டவர் கப்பலில் உட்கார்ந்த நாலு குருவியை நம்புவாரா? பறவைக் கூட்டம் கடலைத் தாண்டுகிறது என்பதை எதிர்த்து 1772-ல் நீளமாகக் கட்டுரையே எழுதினார். 

நடுவில் மாட்டிக்கொண்ட கில்பர்ட் என்ன செய்தார்? இரண்டு நண்பர்களுக்கும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 'நான் பார்த்ததைச் சொல்கிறேன்' என்று ஆரம்பித்தார்.

பாரிங்டன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். தேதி, வெப்பநிலை, காற்று, மழை, எந்த மரம் துளிர்த்தது, எந்தப் பறவை வந்தது, எது மறைந்தது என்று கட்டம் கட்டமாக அச்சிட்ட டைரிப் படிவம் ஒன்றை உருவாக்கியிருந்தார். 1768-லிருந்து கில்பர்ட் அதை நிரப்ப ஆரம்பித்தார். 25 வருடம்! நம்மில் பலர் ஜனவரி 10 தேதிக்கு மேல் டைரி எழுதியதில்லை.

அவருக்கு வதந்தி என்றால் ஆகாது. 1767-ல் பென்னன்ட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அருமையான சமாச்சாரம் வருகிறது. ஒரு பாதிரியார் வந்து கில்பர்ட்டிடம் சொன்னாராம்... அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு சர்ச் கோபுரத்தின் மேல்பகுதியை இடித்தார்கள். இடிபாடுகளில் இரண்டு மூன்று உழவாரன் குருவிகள் செத்ததுபோலக் கிடந்தன. நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் உயிர் வந்தது! ரொம்ப அக்கறையாக அவற்றைக் காகிதப் பையில் போட்டு அடுப்பங்கரையில் தொங்கவிட்டாராம். மூச்சு முட்டிச் செத்துப்போயின. சாட்சி அதோடு முடிந்தது!

இன்னொருவர், 'நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பிரைட்டன் கடற்கரையில் சுண்ணாம்புப் பாறை ஒன்று சரிந்தது. உள்ளே நிறைய தகைவிலான்கள் இருந்தன' என்றார். கில்பர்ட்டுக்கு ஒரே பரபரப்பு. அடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் - 'நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?'

'இல்லை... பார்த்தவங்க சொன்னாங்க.'

தனக்கு எவ்வளவு ஏமாற்றமாகப் போயிற்று என்பதையும் கில்பர்ட் மறைக்காமல் எழுதுகிறார். அந்த ஏமாற்றத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பொய் என்று நிரூபித்த சந்தோஷம் அவருக்கு இல்லை. குருவிகள் இங்கேயே எங்கோ தூங்குகின்றன என்பது உண்மையாக இருக்கக்கூடாதா என்று மனசுக்குள் ஒரு ஆசை!

ஏன் அப்படி ஒரு ஆசை? அவருக்குக் காரணங்கள் இருந்தன. அக்டோபரில்கூட சில கூடுகளில் குஞ்சுகள் இருப்பதை அவர் பார்த்தார். பிறந்து சில வாரங்களே ஆன இத்தனூண்டு குஞ்சு, குளிர் தொடங்கிய பிறகு கிளம்பி, கடலைத் தாண்டி செனகல் வரை போகுமா? நடக்கிற காரியமா? நியாயமான கேள்விதானே! ஒரு தகைவிலானின் எடை சுமார் 20 கிராம். நாம் தபாலில் போடுகிற கடிதத்தின் எடை.

இத்தனைக்கும், கிளம்புகிற காட்சியை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். 1768 செப்டம்பர் 29. அதிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பி, கடற்கரை இருக்கும் திசையில் ஏழெட்டு மைல் போயிருக்கிறார். ஒரே மூடுபனி. பொட்டல்வெளி ஒன்றை அடைந்தபோது வெயில் எட்டிப்பார்க்க, பனி விலக... குட்டைப் புதர்களில் எல்லாம் கும்பல் கும்பலாகத் தகைவிலான்கள்! ராத்திரி அங்கேயே தங்கியவை போல. வானம் தெளிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, எந்த அவசரமும் இல்லாமல் தெற்கே, கடலை நோக்கிப் பறந்து போயின. அதற்கப்புறம் அந்த வருடம் கும்பலாக எதையும் அவர் பார்க்கவில்லை.

அடுத்தது, தம்பி ஜான். ராணுவப் பாதிரியாராக ஜிப்ரால்டரில் வேலை. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி நிற்கும் இடம் அது. நடுவில் குறுகலான ஜலசந்தி. அங்கிருந்து ஜான், அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்: வசந்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே, இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே, கணக்கில்லாத தகைவிலான் வகைப் பறவைகள் ஜலசந்தியைத் தாண்டுகின்றன. கேள்விப்பட்டது அல்ல, சொந்தத் தம்பி கண்ணால் பார்த்தது!

கில்பர்ட் இதை சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு, 'நீங்கள்தான் வலசையை நம்பாதவர் ஆச்சே' என்கிற தொனியில் பாரிங்டனுக்கே எழுதினார். ஆனால், அத்தோடு விடவில்லை. 'ஸ்பெயின் பக்கத்துப் பறவைகள் போகட்டும். நம் ஊர்ப் பறவை எல்லாமே போகிறதா? கொஞ்சம் இங்கேயே தங்கிவிட்டால்?' - இந்த முள் மட்டும் அவர் மனசில் தைத்துக்கொண்டே இருந்தது.

1780-ம் வருடம் அந்த முள் இன்னும் ஆழமாக இறங்கியது.

அந்த வருடம் மார்ச் மாதம் அவர் வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி. இறந்துபோன அத்தை வளர்த்த ஆமை. பெயர் டிமோதி. (செத்த பிறகுதான் அது பெண் ஆமை என்று தெரிந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) நவம்பர் வந்தால் டிமோதி தோட்டத்தில் குழி தோண்டி மண்ணுக்குள் போய்விடும். வசந்தத்தில் எழுந்து வரும். தினமும் தோட்டத்தில் அதைப் பார்க்கிற மனுஷனுக்கு, 'ஆமைக்கு முடிந்தது குருவிக்கு முடியாதா?' என்று தோன்றாமலா இருந்திருக்கும்?

அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி. தகைவிலானுக்கு உறவுக்காரப் பறவையான ஹவுஸ் மார்ட்டின்கள் அக்டோபர் 7 வாக்கிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தன. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, அன்று காலை ஒருநாள் மட்டும், அவர் நிலத்துக்கும் ஹேங்கர் சரிவுக்கும் நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட மார்ட்டின்கள் பூச்சி பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன! மறுநாள் மாயம்.

போனவை எங்கிருந்து வந்தன? ஆப்பிரிக்காவிலிருந்து ஒருநாள் லீவு போட்டுவிட்டா வரும்? பக்கத்திலேயே, அந்தச் சரிவிலேயே எங்கோ தூங்கிக்கொண்டிருந்து, இதமான வெயில் அடித்ததும் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று கில்பர்ட் முடிவு கட்டினார். (வடக்கேயிருந்து தாமதமாகக் கிளம்பிய கூட்டம் வழியில் இறங்கியிருக்கும் என்று இன்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவரிடம் இருந்தது ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு டைரியும்தான்.) அந்த வருடமே ஜானும் இறந்துபோனார். ஜிப்ரால்டர் சாட்சியிடம் இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஊகத்தோடு நிறுத்தினாரா? இல்லை. 1781 ஏப்ரல் 11. கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு ஹேங்கர் சரிவின் தென்கிழக்கு மூலைக்குப் போனார். அவருக்கு வயது 60. புதர்களைக் கிளறி, பொந்துகளைக் குடைந்து... எல்லா இடமும் தேடினார்கள். ஒரு குருவியின் இறகுகூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது! ஆட்கள் மேலே தோண்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த வருடத்தின் முதல் மார்ட்டின் கீழே கிராமத்துக்குள் ஜாலியாகப் பறந்து வந்து, பலர் பார்க்க, ஒரு பழைய கூட்டுக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வீடுகளுக்கு மேலே பறந்து போய்விட்டது. அடுத்த சில நாட்களுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. எங்கேயிருந்து வந்தது? எங்கே போனது? பாவம், மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதையும் மறைக்காமல் பாரிங்டனுக்கு எழுதினார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'தேடினேன், கிடைக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.' இவ்வளவுதான் சாராம்சம். பெரிய மேதைகள் பலருக்கு இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல வாய் வராது.

கடிதங்களையெல்லாம் தொகுத்து, தம்பி பெஞ்சமின் 1788 டிசம்பரில் புத்தகமாக வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அச்சில் இருக்கிறது 'செல்போர்னின் இயற்கை வரலாறு'. குருவி எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதில் முடிவான பதில் கிடையாது. கில்பர்ட் 1793 ஜூன் 26-ல் இறந்தார். கடைசி மாதம் வரை டைரி எழுதியிருக்கிறார்.

பதில் பிறகு மெதுவாக வந்தது. 1822-ல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் குறுக்கே குத்தியபடி நீளமான ஈட்டி! ஆப்பிரிக்க மரத்தில் செய்தது. அங்கே யாரோ எறிந்ததை கழுத்தில் சுமந்துகொண்டே அந்த ஜீவன் ஐரோப்பா வரை பறந்து வந்திருக்கிறது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சரி, நாரை பெரிய பறவை. குருவி?

1899-ல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்கிற ஆசிரியர் மைனா இனப் பறவைகளின் காலில் முகவரி பொறித்த அலுமினிய வளையம் மாட்ட ஆரம்பித்தார். 1909-ல் ஹாரி விதர்பி என்பவர் இங்கிலாந்தில் அதே வேலையைத் தொடங்கினார். அவருடைய நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர், ஸ்டாஃபோர்ட்ஷயரில் வழக்கறிஞராக இருந்த ஜான் மேஸ்ஃபீல்டு. (கவிஞர் மேஸ்ஃபீல்டு வேறு.) 1911 மே மாதம் தன் வீட்டு வாசல் முகப்பில் கூடு கட்டியிருந்த ஒரு தகைவிலானைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்.

1912 டிசம்பர் 23. தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் பகுதி. பண்ணை வீடு ஒன்றுக்குள் ஒரு தகைவிலான் நுழைந்தது. பிடித்துப் பார்த்தால், காலில் வளையம். அதில் லண்டன் முகவரி. அந்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து விதர்பிக்குக் கடிதம் எழுதிப் போட்டார். சுமார் 9,500 கிலோமீட்டர்! கில்பர்ட் 'செனகல் வரைக்குமா?' என்று மலைத்தாரே... செனகலைத் தாண்டி, பூமத்திய ரேகையைத் தாண்டி, கண்டத்தின் மறு கோடிவரை போயிருக்கிறது அந்த 20 கிராம் ஆசாமி.

அப்படியானால், தூங்குகிற பறவை என்பது முழுக்கக் கட்டுக்கதையா? அங்கேதான் இன்னொரு வேடிக்கை. 1946 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் பாலைவன மலையொன்றில் எட்மண்ட் ஜேகர் என்கிற உயிரியலாளர் ஒரு பாறைப் பொந்துக்குள் கையை விட்டார். உள்ளே 'பூர்வில்' என்கிற பக்கிக் குருவி. உடம்பு சில்லிட்டு, அசைவே இல்லாமல், குளிர்கால உறக்கம்! அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான ஹோப்பி மக்கள், ரொம்ப காலமாகவே அதைத் 'தூங்குகிறவன்' என்று அர்த்தம் வருகிற பெயரில்தான் கூப்பிட்டுவந்தார்கள். கில்பர்ட் தேடியது இருந்தது. பறவையும் வேறு, கண்டமும் வேறு, அவ்வளவுதான்.

செல்போர்னில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். சர்ச் தோட்டத்தில் இருக்கும் கல்லறைக் கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. முதல் எழுத்துகள் இரண்டும், இறந்த தேதியும்தான்.

ஆமாம், அந்த ஹவுஸ் மார்ட்டின்? 1781-ல் ஆட்களை வைத்துத் தேடினாரே, அதே பறவை? அது ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்பது உறுதி. ஆனால், ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மார்ட்டின்களுக்கு வளையம் மாட்டியும், சஹாராவுக்குத் தெற்கேயிருந்து திரும்பக் கிடைத்த தகவல்கள் மிக மிகக் குறைவு. இங்கிலாந்து மார்ட்டின்கள் குளிர்காலத்தை அங்கே சரியாக எந்தெந்த இடங்களில் கழிக்கின்றன என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.